துப்புக்கூலி: விண்வெளி வேட்டைக்காரனும் கம்பம் பள்ளத்தாக்கும்

1980-ல் வெளியான 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தில் அவனுக்கு மொத்தமே நான்கு வசனம்தான். முகம் ஒரு தடவைகூடத் தெரியாது. அடிபட்டு நெளிந்த பச்சைத் தலைக்கவசம், முதுகில் ராக்கெட், கையில் துப்பாக்கி. பெயர் போபா ஃபெட். யார் தலைக்கு யார் விலை வைத்தாலும் சரி, ஆளைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போவதுதான் வேலை. ஆங்கிலத்தில் 'பவுண்டி ஹண்டர்' என்பார்கள். படத்தின் நாயகர்களில் ஒருவரான ஹான் சோலோ உறைய வைக்கப்பட்ட பிறகு, அவரை ஒரு பலகையைப் போலத் தூக்கிக்கொண்டு போய் ஜப்பா என்கிற தாதாவிடம் ஒப்படைத்தவன் இவன்தான்.

வில்லன் கூட்டத்தில் ஓரமாக நின்ற இந்த ஆளை ரசிகர்கள் விடவில்லை. இவன் யார், எங்கே பிறந்தான், அந்தக் கவசம் யாருடையது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதில் வர இருபத்திரண்டு வருடம் ஆனது. 2002-ல் வந்த 'அட்டாக் ஆஃப் தி குளோன்ஸ்' படத்தில் ஜாங்கோ ஃபெட் என்ற வேட்டைக்காரன் வருகிறான். அவனுடைய மரபணுவிலிருந்து ஒரு படையையே நகலெடுக்கிறார்கள். கூலியோடு கூட அவன் இன்னொன்றும் கேட்டு வாங்கியிருக்கிறான். மாற்றம் எதுவும் செய்யாத ஒரே ஒரு நகலை, மகனாக வளர்க்க. அந்தச் சிறுவன்தான் போபா. தகப்பன் போர்க்களத்தில் வெட்டுண்டு விழ, அவனுடைய தலைக்கவசத்தைக் கையில் எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்கிறான் மகன்.

ஜாங்கோவாக நடித்தவர் நியூசிலாந்தின் மாவோரி இனத்தைச் சேர்ந்த டெமுவேரா மோரிசன். 2004-ல் பழைய படத்தின் டிவிடி வந்தபோது, போபாவின் அந்த நான்கு வசனத்தையும் அழித்துவிட்டு மோரிசனின் குரலைப் போட்டார்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'தி புக் ஆஃப் போபா ஃபெட்' தொடரில் அவரே போபாவாக நடித்தார்.

அந்தத் தொடரில் ஒரு காட்சி கவனிக்க வேண்டியது. 1977-ல் வந்த முதல் படத்தில், பாலைவனத்தில் வழிமறித்துத் தாக்கும் காட்டுமிராண்டிகளாகக் காட்டப்பட்டவர்கள் டஸ்கன்கள். 2022-ல் கதை அவர்கள் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது. அந்த மண்ணின் பூர்வகுடிகள் அவர்கள்தான். மற்றவர்கள் எல்லாம் பிறகு வந்தவர்கள். அவர்களிடம் கைதியாகச் சிக்கிய போபா, மெல்ல அவர்களில் ஒருவனாகிறான். அவர்கள் நிலத்தின் வழியே சரக்கு ரயில் ஓட்டும் கடத்தல்காரர்களை மடக்கி, இனி இந்த வழியாகப் போனால் இவர்களுக்கு வரி கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறான்.

இது காவல் உரிமையா, வழிப்பறியா? தொடர் பதில் சொல்லவில்லை. ஆனால் இதே கேள்வி ஆண்டிபட்டி கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நூறு வருடங்களுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது.

காவலும் களவும்

தேனியிலிருந்து குமுளி போகும் சாலையில் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர்கள் வரிசையாக வரும். இருபுறமும் நெல், வாழை, தென்னை, திராட்சைப் பந்தல். 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் வரத் தொடங்கிய பிறகு வளம் கொழித்த பள்ளத்தாக்கு இது. அந்த நிலத்தையும் வேலையையும் நம்பி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கணவாய் தாண்டி வந்து குடியேறியவர்களில் பிரமலைக் கள்ளர்களும் உண்டு.

போலீஸ் என்ற ஒன்று வருவதற்கு முன்னால் தென் தமிழகத்துக் கிராமங்களை இரவில் காத்தது காவல் முறை. ஊர்க்காரர்கள் அறுவடையில் ஒரு பங்கையோ பணத்தையோ காவல்காரருக்குக் கொடுப்பார்கள். பதிலுக்கு அவர் ஊரைக் காக்க வேண்டும். களவு போனால் பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும். பல சாதியினர் இதைச் செய்தார்கள். மதுரை வட்டாரத்தில் கள்ளர்கள் கையில் அது பெருமளவு இருந்தது. திருமலை நாயக்கர் காலத்திலேயே கள்ளர் தலைவர்களுக்குப் பட்டமும் உரிமையும் கொடுக்கப்பட்டதாக மரபு சொல்கிறது. திருமலைப் பின்னத்தேவர் என்ற பட்டப்பெயர் அந்த நினைவைத்தான் சுமக்கிறது.

இந்தக் காவலுக்கு ஒரு கிளை உண்டு. அதன் பெயர் துப்புக்கூலி. ஒருவருடைய உழவு மாடு காணாமல் போகிறது. அவர் போலீசுக்குப் போகமாட்டார். விஷயம் தெரிந்த ஓர் ஆளிடம் போய்ச் சொல்வார். அந்த ஆள் துப்பு விசாரித்துத் தருவதாகச் சொல்லிக் கூலி பேசுவார். மாட்டின் மதிப்பில் பாதி வரைகூடப் போகுமாம். பணம் கைமாறிய பிறகு, இன்ன ஓடைக்கரையில், இன்ன மரத்தடியில் உங்கள் மாடு கட்டிக் கிடக்கிறது என்று சேதி வரும். போய்ப் பார்த்தால் மாடு அங்கே நிற்கும்.

மாட்டைத் தேடிக் கண்டுபிடித்ததற்கான கூலியா அது? அல்லது மாட்டைக் கொண்டுபோனவர்களுக்கும் அதில் பங்கு உண்டா? இரண்டும் நடந்திருக்கிறது. 1906-ல் வெளிவந்த மதுரை மாவட்ட கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி இதை விவரித்து எழுதியிருக்கிறார். அவர் பார்வையில் காவல் என்பதே மிரட்டிப் பணம் பறிக்கிற வேலை. காவல்காரர்களின் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டிருந்தால் வேறு கதை சொல்லியிருப்பார்கள்: பாட்டன் பூட்டன் காலத்து உரிமை அது, கம்பெனிக்காரன் வந்து பிடுங்கியதால்தான் எல்லாம் கெட்டது என்று.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் பழைய காவல் உரிமைகளை ரத்து செய்தார்கள். ஆனால் அதை நம்பி வாழ்ந்தவர்களுக்கு மாற்று வழி காட்டவில்லை. மானாவாரிக் காட்டில், மழை பொய்த்த வருடங்களில், சட்டப்படி இல்லாமல் போன உரிமையை வழக்கப்படி வசூலிப்பது தொடர்ந்தது. கொடுக்க மறுத்த வீட்டில் மாடு காணாமல் போனதும் நடந்தது.

பணம் கொடுத்துச் சலித்த விவசாயிகளின் வேதனையும் உண்மையானது. 1896-ல் திண்டுக்கல் பக்கத்தில் ஊர்கள் ஒன்றுகூடி, பொதுநிதி சேர்த்து, தங்கள் காவலைத் தாங்களே பார்த்துக்கொள்வதாக முடிவெடுத்துக் கள்ளர் காவலர்களை வெளியேற்றின. அந்த எழுச்சி பல ஊர்களுக்குப் பரவியது. அதில் வீடுகள் எரிந்தன, அப்பாவிகளும் ஊரை விட்டு விரட்டப்பட்டார்கள். இந்தக் கதையில் ஒரு பக்கத்தை மட்டும் நல்லவர்கள் என்று முத்திரை குத்தி முடித்துவிட முடியாது.

பிறப்பிலேயே குற்றவாளி

ஆனால் அரசாங்கம் முத்திரை குத்தியது. 1871-ல் வட இந்தியாவில் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் திருத்தப்பட்டு மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. அடுத்த சில வருடங்களில் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் அதன் கீழ் கொண்டுவரப்பட்டது. வயது வந்த ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டும். வெளியூர் போவதென்றால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வாழ்நாளில் ஒரு கோழி முட்டையைக்கூடத் திருடாத சம்சாரிக்கும் இதே கதிதான். புதுமாப்பிள்ளையும் இரவானால் மனைவியை விட்டுவிட்டுச் சாவடிக்குப் போக வேண்டும். தென் மாவட்டங்களில் இதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள்.

ஒரு மனிதன் செய்த காரியத்துக்காக அவனைத் தண்டிப்பது சட்டம். அவன் இன்னாருடைய மகன் என்பதற்காகத் தண்டித்ததுதான் ரேகைச் சட்டம் செய்த அநியாயம். துப்புக்கூலி வாங்கியவருக்கும், அந்தச் சாதியில் நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் அது வித்தியாசம் பார்க்கவில்லை.

மதுரை மாவட்டம் சேடபட்டி அருகே உள்ள பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிய மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாயக்காள் என்ற பெண் உட்பட பதினாறு பேர் உயிரிழந்தார்கள். அந்த ஊரில் அவர்களுக்கு நினைவுத்தூண் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 3-ல் மக்கள் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

அவர்களுக்காக வாதாட வந்தவர் அந்தச் சாதிக்காரரும் இல்லை, அந்த ஊர்க்காரரும் இல்லை. கேரளத்தில் பிறந்து மதுரையில் பாரிஸ்டராக இருந்த ஜார்ஜ் ஜோசப். அவரை மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரும் ப. ஜீவானந்தமும் சட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 1947-ல் மதராஸ் மாகாணத்தில் அது நீக்கப்பட்டது. 1952-ல் நாடு முழுவதும் முடிவுக்கு வந்தது. அன்று வரை குற்றப் பரம்பரை என்று எழுதப்பட்டவர்கள் இன்று சீர்மரபினர்.

கவசத்தை என்ன செய்வது?

சட்டம் போன பிறகும் பெயர் போகவில்லை. அமெரிக்காவில் பணியாற்றும் மானுடவியலாளர் ஆனந்த் பாண்டியன் கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி ஆய்வு செய்து, 2009-ல் 'க்ரூக்கட் ஸ்டாக்ஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். குற்றவாளிகள் என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு சமூகம் உழவின் வழியாகத் தன்னை எப்படிப் பார்த்துக்கொள்கிறது, நல்லபடியாக வாழ்வது என்பதை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதுதான் அதன் பொருள். நிலத்தைப் பண்படுத்துவதற்கும் மனத்தைப் பண்படுத்துவதற்கும் தமிழில் ஒரே சொல்தான் இருக்கிறது.

காவலும் களவும் ஒரே கையில் இருந்த அந்த உலகத்தை சு. வெங்கடேசன் 'காவல் கோட்டம்' நாவலில் விரித்து எழுதினார். 2011-ல் அதற்கு சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. அதன் ஒரு பகுதியை வைத்து வசந்தபாலன் இயக்கிய 'அரவான்' 2012-ல் வந்தது. பாட்டன் காலத்துக் கதையைத் திரையில் பார்த்தபோது பெருமைப்பட்டவர்களும் உண்டு, கூச்சப்பட்டவர்களும் உண்டு. ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருந்திருக்கலாம்.

மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் 'அரசு கள்ளர் பள்ளி' என்ற பலகைகளை இன்றும் பார்க்கலாம். ரேகைச் சட்டம் இருந்த காலத்தில், 'சீர்திருத்துவதற்காக' ஆங்கில அரசு தொடங்கிய பள்ளிகளின் வழிவந்தவை இவை. பெயரிலேயே ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருந்தது. ஆனால் அந்தப் பள்ளிகளில் படித்துத்தான் அந்தச் சமூகத்தில் முதல் தலைமுறை ஆசிரியர்களும் அதிகாரிகளும் உருவானார்கள்.

2024 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக்கூடாது என்று அரசுக்குப் பரிந்துரைத்தது. வாசலில் சாதிப் பெயரைப் படித்துக்கொண்டே ஒரு பிள்ளை வகுப்புக்குப் போக வேண்டுமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. கள்ளர் சமூக அமைப்புகள் எதிர்த்தன. எங்கள் முன்னோர் ரத்தம் சிந்திய வரலாற்றின் அடையாளம் இது, இதையும் எடுத்துவிட்டால் எங்களுக்கு நடந்ததை யார் நினைவில் வைத்திருப்பார்கள் என்ற அவர்களின் கேள்வியையும் தள்ளிவிட முடியாது. அவமானமாகச் சூட்டப்பட்ட பெயர் நூறு வருடத்தில் பரம்பரைச் சொத்தாகிவிட்டது.

போபா ஃபெட்டுக்கும் கையில் இருந்தது அப்பன் விட்டுப்போன கவசம்தான். அதைப் போட்டுக்கொண்டு அவன் கூலிக்கு ஆள் பிடித்தான். பிறகு அதே கவசத்தோடு, தன்னை ஏற்றுக்கொண்ட மக்களுக்காக நின்றான். அப்பனுடையது என்பதற்காக அதைத் தூக்கி எறியவும் இல்லை, அப்பன் செய்ததை எல்லாம் சரி என்று சொல்லவும் இல்லை.

கம்பத்திலோ கூடலூரிலோ போனில் இந்தத் தொடரைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்த வேட்டைக்காரன் புதியவனாகத் தெரியலாம். வீட்டில் தாத்தா இருந்தால், துப்புக்கூலி என்றால் என்ன, சாவடியில் போய்ப் படுத்தவர்கள் யார் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிலர் பேச்சை மாற்றுவார்கள். மாற்றினால் வற்புறுத்த வேண்டாம். இன்னொரு நாள் கேட்கலாம்.