விசா இல்லாமலே கடல் தாண்டும் சாதி

"அமெரிக்காவில் சாதி கிடையாது, திறமை மட்டும்தான்" என்று நம் பொறியியல் மாணவர்களிடம் சொல்கிறார்கள். நாங்கள் கேட்கிறோம்: அங்கே வேலை எப்படிக் கிடைக்கிறது?

படித்து முடித்த வெளிநாட்டு மாணவர் 12 மாதம் வேலை பார்க்கலாம். பொறியியல் என்றால் இன்னும் 24 மாதம். முதல் ஓராண்டில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. இந்த நெருக்கடியில் கைகொடுப்பது உள்ளே இருப்பவரின் பரிந்துரை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அங்கே எந்த மாமா, எந்த அத்திம்பேர் இருக்கிறார்? இதற்குப் பெயர் தகுதியாம்!

வேலை கிடைத்தாலும், எச்1பி விசா முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் 60 நாள்தான் அவகாசம். ஊரில் கல்விக்கடன். மேலாளர் சாதி பார்த்தால் யார் துணிந்து புகார் கொடுப்பார்?

ஒரு தலித் பொறியாளர் கொடுத்தார். 2020இல் கலிபோர்னியா அரசே சிஸ்கோ மீது வழக்குத் தொடுத்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில், கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை, இருக்கும் சட்டமே போதும் என்று ஆளுநர் நியூசம் நிராகரித்தார். அதை எதிர்த்துக் கிளம்பியவை இந்து அமைப்புகள். இல்லாத சாதிக்குத் தடை போட்டால் இவர்களுக்கு ஏன் வலிக்கிறது?

தோழர்களே, போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போங்கள். போனவர்கள் அடுத்து வருபவருக்குப் பரிந்துரை கொடுங்கள். சங்கமாகச் சேருங்கள். அந்தச் சட்டத்தைத் திரும்பக் கேளுங்கள்.