கலர் படத்தை நம்பி லேத் கடைக்குப் போகாதீர்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கூட இன்று ஃப்ரீகேட் என்ற இலவச சாஃப்ட்வேரை டவுன்லோடு செய்து, ஓர் இரும்புத் துண்டை வரைந்து, அது எங்கே உடையும் என்று பார்க்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் எனக்கு ஒரு பயம் உண்டு.

ஜெம் கிளிப்பை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிந்துவிடும் அல்லவா? அதுதான் உலோகச் சோர்வு. சைக்கிள் மிதிக்கும்போது நடு ஆக்சில் வளையவும் செய்கிறது, முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. இப்படி இழுவை, வளைவு, முறுக்கு என்று விசைகள் சேர்ந்து வரும்போது சோர்வைச் சோதிக்கத் தனி ஸ்பெசிமென் வேண்டும். திண்டான கம்பியை முறுக்கினால் வெளிப்பரப்பில் தகைவு அதிகம், நட்டநடுவில் பூஜ்யம். அதனால் இழுவையும் முறுக்கும் சேர்ந்த சோதனைக்கு மெல்லிய குழாயைப் பயன்படுத்துகிறார்கள். சுவர் முழுக்க ஏறக்குறைய ஒரே தகைவு கிடைக்கும். ரொம்ப மெல்லியதாக்கினால் நெளிந்துவிடும்.

இறுதியாண்டு புராஜெக்டுக்கு இப்படி ஒன்றை நான் வடிவமைத்தேன். சாஃப்ட்வேரில் ஓட்டியதும் நீலம், பச்சை, சிவப்பு என்று அழகான படம் வந்தது. தடித்த முனை குழாயோடு சேரும் மூலை மட்டும் சிவப்பு. எண் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். கடைந்து வாங்கிய ஆறு துண்டுகளில் ஐந்து அந்த மூலையிலேயே உடைந்தன. நடுவில் உடைந்தால்தான் சோதனைக்கு உதவும். இரண்டு மாத வேலையும் அப்பா கொடுத்த பணமும் போயின.

'சாஃப்ட்வேர் தப்பு' என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். சாஃப்ட்வேர் எழுதியே பிழைக்கும் எனக்கு இன்று அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. மூலையை ரேடியஸ் இல்லாமல் கூர்மையாக வரைந்தது நான்தான். சாஃப்ட்வேர் பொருளைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. இதற்கு மெஷ் என்று பெயர். கூர்மையான உள்மூலையில், சாதாரண எலாஸ்டிக் கணக்கில், மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்க எண் ஏறிக்கொண்டே போகும். எங்கும் நிற்காது. பெரிய கட்டங்களோடு ஒரே தடவை ஓட்டிய எனக்குக் கிடைத்தது, என் கட்டத்தின் அளவைப் பொறுத்த எண். ஸ்பெசிமெனின் எண் அல்ல.

1935இல் இங்கிலாந்தின் கஃப், பொல்லார்டு இருவரும் வளைவையும் முறுக்கையும் சேர்த்துச் சோதித்த முடிவுகளை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம். எனக்கோ கம்ப்யூட்டர் இருந்தது, பொறுமைதான் இல்லை.

நீங்கள் செய்து பார்ப்பதானால் மூலைக்குத் தாராளமாக ரேடியஸ் கொடுங்கள். மெஷ்ஷைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாகும்வரை கடைசலுக்குக் கொடுக்க வேண்டாம். கொடுக்கும்போது குழாயின் உள்ளேயும் வெளியேயும் பாலிஷ் கேளுங்கள். லேத் கத்தி விட்டுச்செல்லும் கோடுகளை அந்தக் கலர் படம் காட்டாது.