தோல் முதலாளிகளின் நியாயம்

தோல் ஷாப்பு முதலாளிகளை “ஆற்றைக் கெடுக்கின்றீர்களே” என்று கேட்டால், “எங்களால் அன்னிய தேசத்துப் பணம் வருகின்றது, ஆயிரக்கணக்கானவர்கள் பிழைக்கின்றார்கள்” என்கின்றார்கள். வாஸ்தவந்தான். அப்பணம் யார் பெட்டிக்குப் போகின்றது, உப்பும் குரோமியமும் யார் கிணற்றுக்குப் போகின்றது என்று கேட்கின்றோம்.

வாணியம்பாடி, ஆம்பூர் வழியாய் வந்து நமது காஞ்சீபுரத்தை ஒட்டிப் போவது பாலாறு. தோல் கழிவினால் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழாயிற்று என்று 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே கண்டிருக்கின்றது. அந்தக் கேசில் முதலாளிகள் செய்ததென்ன? தண்ணீரைச் சுத்தம் செய்வதற்குப் பதிலாக, உப்பின் அளவுக்குப் போர்டார் வைத்த விதியே தப்பு என்று வாதாடினார்கள்! ‘நீரி’ நிபுணர்கள் பார்த்து, விதி சரியென்றே சொன்னார்கள். அபராதமோ ஷாப்பு ஒன்றுக்கு 10,000 ரூபாய். கிணறு போனவனுடைய கணக்கை யார் பார்த்தது?

பிறகாவது யோக்கியதை வந்ததா? 2015 ஜனவரியில் இராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி உடைந்து, 10 பேர் செத்தார்கள். 2025 ஜனவரி 30-ந் தேதி கோர்ட்டார் மறுபடியும் “நஷ்டஈடு கொடு, கமிட்டி போடு” என்று சொல்ல வேண்டியதாயிற்று. இடையில் 28 வருஷம்!

குடியானவரோ தலைவிதி என்கின்றார். தலைவிதியாவது, வெங்காயமாவது! கழிவை ஆற்றில் விட்டது பிரம்மாவா? தென்னேரித் தோழர்களே, அடுத்த தடவை போர்டு அதிகாரி பாலாற்றங்கரைக்கு வரும்போது, அவ்வூர்க் கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பில் மொண்டு, பக்கத்தில் நிற்கும் முதலாளியைக் குடிக்கச் சொல்லுங்கள்.