குருசடியும் அகராதியும்

கடந்த மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நாம் நின்றிருந்தபோது, நம் பங்கின் இளைஞர் ஒருவர் தடித்த நோட்டு ஒன்றை நம்மிடம் நீட்டினார். வங்கித் தேர்வில் இரண்டு முறை ஆங்கிலத்தினால் தவறியவர். வேப்பம்பட்டில் மின்சார இரயில் ஏறியதும் இருபது ஆங்கிலச் சொற்களை உருப்போடத் தொடங்குவாராம். “பெரம்பூர் வருவதற்குள் பாதி மறந்துவிடுகிறது, சாமி” என்றார். அவர் குரலில் களைப்பு இருந்தது.

நோட்டைப் புரட்டினோம். ‘எக்ஸ்குரூசியேட்டிங்’ என்ற சொல்லுக்கு எதிரே ‘மிகுந்த வேதனை தரும்’ என்று மட்டுமே எழுதியிருந்தார்.

“உம் பாட்டியார் சிலுவையை என்னவென்று சொல்வார், தம்பி?”

“குருசு என்பார், சாமி.”

போர்த்துக்கீசியர் கொணர்ந்த ‘குரூஸ்’ என்ற சொல்லே நம் முன்னோர் நாவில் குருசு ஆயிற்று. அதன் தாய், இலத்தீன் மொழியின் ‘குருக்ஸ்’. சிலுவையில் தொங்குவோன் படும் வேதனையையே அந்த நீண்ட ஆங்கிலச் சொல் தன்னுள் வைத்திருக்கிறது. குருசடியில் மெழுகுவர்த்தி ஏற்றி வளர்ந்தவருக்கு இது அந்நியச் சொல்லாகுமா? குருசு என்பதைப் பட்டிக்காட்டுப் பேச்சென்று நகைக்கும் பிள்ளைகளும் நம் இல்லங்களில் உண்டு. அவர்கள் நகைப்பது இலத்தீனைப் பார்த்து என்பதை அறியார்!

சாவியும் அவ்வாறே. இலத்தீனில் ‘கிளாவிஸ்’, போர்த்துக்கீசியத்தில் ‘ஷாவி’, நமக்குச் சாவி. 2025 மே மாதத்தில் பதினான்காம் லியோ திருத்தந்தையாகத் தேர்வான ‘கான்கிளேவ்’, சாவியிட்டுப் பூட்டப்பட்ட அறை என்ற பொருளுடையது. கழுத்தெலும்பைக் குறிக்கும் ‘கிளாவிக்கிள்’, சிறு சாவியாகும்.

கல்வெட்டில் 1516 என்ற ஆண்டைத் தாங்கிநிற்கும் மயிலைப் பிரகாச மாதா ஆலயத்தால் அப்பகுதிக்கே லஸ் என்ற பெயர் நிலைத்தது. லஸ் என்றால் ஒளி, இலத்தீனில் ‘லுக்ஸ்’. ‘எலூசிடேட்’ என்றால் விளக்கி ஒளி பெறச் செய்தல். ‘டிரான்ஸ்’ என்பது ‘ஊடே, அப்பால்’ எனப் பொருள்படுவதால், ஒளியை ஊடே செல்லவிடுவது ‘டிரான்ஸ்லூசென்ட்’. ‘ஃபெர்’ என்பது சுமத்தல். அப்பால் சுமந்து செல்வது ‘டிரான்ஸ்ஃபர்’; ஒளியைச் சுமந்தவன் லூசிபர். குருமடத்தில் நாம் கற்ற சிறிதளவு இலத்தீன் இந்த வயதில் இப்படிக் கைகொடுக்கும் என்று எண்ணியதில்லை.

அடுத்த ஞாயிறு அவர் உற்சாகமாக வந்தார். கிரேக்க மொழியில் ‘காட்டா’ என்றால் கீழ் என்று எங்கோ படித்து, அதன்கீழ் ‘கேட்டராக்ட்’, ‘கேட்டஸ்ட்ரஃபி’, ‘கேட்டமரான்’ என்று வரிசையாக எழுதியிருந்தார். முதலிரண்டும் சரியே. மூன்றாவதைக் கண்டதும் நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேர் தேடுவோர் வழுக்கி விழும் இடம் இதுதான். ஒலி ஒத்திருந்தால் உறவும் இருக்கவேண்டும் என்பதில்லை. ஐயம் எழுந்தால் அகராதியில் சொற்பிறப்பைப் பார்த்தே எழுதவேண்டும்.

“அது நம் கடற்கரை மக்களின் கட்டுமரம், தம்பி. ஆங்கிலேயர் நம்மிடம் பெற்றுக்கொண்ட சொல்” என்றோம்.

அவரும் சிரித்து, அதை அடித்துவிட்டுப் புதிய பக்கத்தில் ‘தமிழ்’ என்று தலைப்பிட்டு எழுதிக்கொண்டார். தேர்வுக்கு இன்னும் நாற்பது நாட்கள் இருக்கின்றன.