ரிங்லெட் பலகையில் தமிழ் ஒடிய வேண்டாம்

தாப்பாவிலிருந்து மலையேறுவோருக்குக் கேமரன் மலையின் வாசல் ரிங்லெட். சுல்தான் அபு பக்கார் ஏரியைப் பார்த்து நிற்கும் லேக்ஹவுஸைப் போல, இங்குள்ள சில விடுதிகள் டியூடர் பாணியில், வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டம் தெரியக் கட்டப்பட்டவை. அந்தத் தோற்றத்துக்கு இயல்பாகப் பொருந்துவது பிளாக்லெட்டர்: நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பெயரில் காணும் தடித்த, கோணங்கள் கொண்ட எழுத்து. விடுதியின் பெயர்ப்பலகையில் ஆங்கிலப் பெயருக்கு அதை வைப்பது சரியே. பொருத்தத்துக்காகக் கீழே தமிழையும் அதே சாயலில் ஒடித்து எழுதலாம் என்ற யோசனையைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பிளாக்லெட்டரின் குணம் பட்டைமுனைப் பேனாவிலிருந்து வந்தது. இறங்கும் கோடு தடிக்கும், குறுக்குக் கோடு மெலியும், வளைவு ஒடிந்து கோணமாகும். நெருக்கி அடுக்கினால் விலையுயர்ந்த தோல்தாளில் இடம் மிச்சம். 1450களில் குட்டன்பர்க் அச்சிட்ட விவிலியமும் இவ்வகை எழுத்தில்தான் வந்தது. ஆனால் ஆங்கிலத்தின் எம், என், யு மூன்றும் ஒரே மாதிரிக் குச்சிகளாக நிற்பதால், ‘மினிமம்’ போன்ற சொல்லில் கண் தடுமாறும். இரண்டு மூன்று சொற்களுக்குக் கம்பீரம் தரும் எழுத்து பத்தி முழுவதும் வந்தால் இன்றைய வாசகரைக் களைப்படையச் செய்யும். பெரிய எழுத்துகளை மட்டும் வரிசையாக வைத்தாலோ படிக்கவே முடியாது. தமிழோ ஓலையிலும் எழுத்தாணியிலும் வளர்ந்தது. அதில் சுழிதான் அடையாளம். மூன்று சுழி ‘ண’வையும் இரண்டு சுழி ‘ன’வையும் குச்சிகளாக்கினால் மணமும் மனமும் ஒன்றாகிவிடும்.

தமிழின் ஆதி எழுத்தான தமிழி நேர்கோட்டு எழுத்துதானே என்று கேட்கலாம். உண்மைதான்; ஆனால் அதன் வடிவங்கள் வேறு, இன்று நாம் படிப்பது வளைவுகளை. தரங்கம்பாடி மிஷனுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் அச்செழுத்து செய்யப்பட்டு 1713இல் வந்து சேர்ந்தது. ஜெர்மன் நூல்கள் பெரும்பாலும் பிளாக்லெட்டர் வகையான பிராக்டூரில் அச்சான காலம் அது. அப்படியிருந்தும் தமிழுக்குத் தமிழ்க் கையெழுத்தின் வடிவத்தையே வார்த்தார்கள். அளவு பெரிதாக இருந்ததால் சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தனர். வளைவுகள் தமிழாகவே நீடித்தன. அந்த மரியாதை நமக்கும் வேண்டும்.

பிளாக்லெட்டர் நாஜிகளின் எழுத்து, அதை அடியோடு ஒதுக்குங்கள் என்பது இன்னொரு தரப்பு. தொடக்கத்தில் அவர்கள் அதைக் கொண்டாடியது உண்மை. ஆனால் அதை ‘யூத எழுத்து’ என்று பழித்து 1941 ஜனவரியில் விலக்கியதும் அதே ஆட்சிதான். பல நூற்றாண்டு வரலாறுள்ள ஓர் எழுத்தைப் பன்னிரண்டு ஆண்டு ஆட்சியின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

பலகை ஒரே சீராகத் தெரிய வேண்டாமா என்ற கேள்வி மிஞ்சுகிறது. வேண்டும். அதற்குக் கருமையையும் உயரத்தையும் சமன் செய்தால் போதும்: தடித்த தூரிகைக்கோடு, நிறைந்த வளைவு, சுழிக்குள் தாராளமான வெளி. 1929இல் போ (BOH) தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து இம்மலையில் தமிழர் உழைப்பு இருக்கிறது. அவர்கள் மொழி பலகையில் ஆங்கிலத்துக்குக் கீழே வந்தாலும், தன் உருவத்தில் வரட்டும்.