ஊரை ஸ்தாபித்தவர் யார்?

மனைப்படம் வரைந்து விளம்பரம் செய்தவரையே ஓர் ஊரின் ஸ்தாபகராகக் கொண்டாடுவது நியாயமன்று. 1877-இல், அடிமை வாழ்வினின்று விடுபட்டுக் கெண்டக்கியிலிருந்து கான்ஸாஸ் சமவெளிக்கு வரத் தொடங்கிய கறுப்பின மக்கள், துண்டுப் பிரசுரங்கள் வானளாவப் புகழ்ந்த நிக்கோடெமஸ் என்னும் ஊரைத் தேடியபோது, மரங்கள் அரிதான அப்பிரதேசத்தில், முன்னே வந்தோர் மண்ணைக் குடைந்து அமைத்த நிலவறை வீடுகளின் புகை தரைக்குள்ளிருந்து எழுவதைத்தான் கண்டார்கள். மனம் வெறுத்துச் சிலர் திரும்பிப் போக, எஞ்சியோர் ஏர்மாடுகள் போதாத நிலையிலும் மண்வெட்டியால் நிலத்தைக் கொத்திப் பயிரிட்டு, பள்ளிக்கூடமும் ஆலயங்களும் எழுப்பினர். 1888-இல் ரயில் பாதை விலகிச் சென்றமையால் வியாபாரம் க்ஷீணித்தபோதும், ஊர் முற்றிலும் அழிந்துபோகவில்லை. 1996-இல் அதனைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கிய அரசாங்கம் செய்தது சரியே. ஆயினும் ஸ்தாபகர் என்னும் பட்டம் மண்வெட்டி பிடித்த அக்கரங்களுக்கே உரியது.