இருளும் இசையும்

சொல்லும் தாளமும் இல்லாத ஒலியை இசையெனக் கொள்ளலாமோ என வினவுவோர் உளர். மெல்லத் தோன்றி, நீண்டொலித்து, தேய்ந்தடங்கும் கருவியொலிகளாலாய இசைவகையொன்றை மேனாட்டார் ‘டார்க் அம்பியன்ற்’ என்பர். இருட்சூழலிசை என நாம் வழங்கலாம். திரைப்படக் கலையோடு நெருங்கிய உறவுடையது அது. அதனை இரைச்சலென ஒதுக்குதலும் தகாது. அவ்வகையில் வருவன அனைத்தையும் கலையெனப் போற்றுதலும் தகாது என்பதே எம் கருத்து.

அப்பெயர் வழக்கிற்கு வருமுன்னரே அதற்கு வழிகோலியது, 1972இல் அந்நாளைய சோவியத்து நாட்டில் தார்க்கோவ்ஸ்கி நெறிப்படுத்திய ‘சொலாரிஸ்’ என்னும் படம். அதற்கு இசையமைத்த ஆர்த்தெமியெவ், மூர்சின் என்னும் பொறியியலாளர் ஆக்கிய ‘ஏ.என்.எஸ்.’ கருவியைக் கையாண்டார். உருசிய இசைப்புலவர் ஸ்க்ரியாபினின் பெயரெழுத்துக்களையே அக்கருவி தாங்கி நிற்கின்றது. கரிய பூச்சுடைய கண்ணாடித் தட்டில் இசைப்போன் கோடு கீற, அக்கோட்டினூடு பாயும் ஒளி ஒலியாக மாறும். 720 தனியொலிகளை எழுப்பவல்லது அக்கருவி. 1938இல் அதனை வகுக்கத் தொடங்கிய மூர்சின் நிறைவேற்ற ஏறத்தாழ இருபதாண்டு உழைத்தார். இத்துணை உழைப்பில் விளைந்ததை இரைச்சலென ஒரு சொல்லால் தள்ளிவிடுதல் அறிவுடைமை ஆகுமோ?

அப்படத்தில் மாண்ட மனைவி மீண்டும் கணவன்முன் தோன்றுகின்றாள். அவள் யார்? அச்சத்திற்குரியவளா, அன்பிற்குரியவளா? ஒலி விடை கூறுவதில்லை, நம்மையே எண்ணவைக்கின்றது. பாக்கின் ஓர்கன் இசை அதனிடையே எழும்போது, பிரிந்து வந்த பூமியின் நினைவு நெஞ்சை நெகிழ்விக்கின்றது. இருள் சூழ்ந்திருத்தலாலன்றோ அவ்வொளி புலனாகின்றது!

இக்காலப் படங்கள் பலவற்றின் நிலை வேறு. கதவொன்று திறப்பினும் அடித்தொண்டை உறுமல். நிழலொன்று அசையினும் அதே உறுமல். ‘இப்போது அஞ்சுக’ எனக் கேட்போர்க்குக் கட்டளையிடும் ஒலி அது. ஏவலுக்கு அஞ்சப் பழகிய மனம், ஏவலுக்கு மகிழவும் வெறுக்கவும் எளிதிற் பழகிவிடும். இதனை இசைக்குற்றமென்று மட்டும் கொள்ளற்க. சிந்தனைக்கு நேரும் கேடுமாம்.

ஆதலின் மாணவர்க்கு நாம் கூற விழைவது ஒன்றே. நூல் படிக்கையில் பின்னணியாக இதனை ஒலிக்கவிடுதலோடு அமையாது, ஒருகால் விளக்கணைத்து, வேறு வினையின்றிக் கேண்மின். ஒலி அடங்கியபின் மழைத்துளியும் இலையசைவும் முன்னையினும் தெளிவாகக் கேட்குமாயின் அது நல்லிசை. செவி மரத்துப்போயின் அன்று. நடுவர் பிறர் வேண்டா. நும் செவியே சாலும்.